அடிபட்ட பிள்ளையும் அடுப்படியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புகழ்பெற்ற சமையல்காரர்களின் தன்வரலாறுகளை வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் சீக்கிரமே கண்ணில் படும். முதல் அத்தியாயத்தில் குடிகார அப்பாவோ, அல்பாயுசில் போய்விட்ட அம்மாவோ, கொடுமைக்கார மாற்றாந்தந்தையோ இருப்பார்கள். கடைசி அத்தியாயத்தில் மூன்று மிச்செலின் நட்சத்திரங்கள் (மிச்செலின் என்ற உணவக வழிகாட்டிப் புத்தகம் தரும் உச்ச மதிப்பீடு) இருக்கும். இடையில் நடந்தது என்ன என்று கேட்டு வாசகர்கள் எழுதும் கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் மூன்று பேரைச் சுற்றியே பேசப்போகிறேன்: தொலைக்காட்சியில் கத்துவதற்கே பேர்போன பிரிட்டனின் கார்டன் ராம்சே, அவருடைய குரு மார்கோ பியர் வைட், பிரான்சில் பிறந்து நியூயார்க்கில் பெயர் பெற்ற எரிக் ரிபேர். மூவருமே தங்கள் இளமையைப் பற்றி வெளிப்படையாக எழுதியும் பேசியும் இருக்கிறார்கள்.

ராம்சேயின் இளமை உண்மையிலேயே அவ்வளவு மோசமா? தொலைக்காட்சிக்காக ஊதிப் பெருக்கியதா?

மோசம்தான். 1966 நவம்பர் 8 அன்று ஸ்காட்லாந்தின் ஜான்ஸ்டன் என்ற ஊரில், நான்கு பிள்ளைகளில் இரண்டாவதாகப் பிறந்தார். அப்பா நீச்சல்குள மேலாளர், வெல்டர், கடைக்காரர் என்று எதிலும் கால் ஊன்றாதவர். பெரிய பாடகராகிவிடலாம் என்ற கனவு மட்டும் கடைசிவரை இருந்தது. குடி உண்டு, பெண் தொடர்புகள் உண்டு, கைநீட்டும் பழக்கமும் உண்டு. செவிலியராக வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கிய அம்மாவுக்கும் அடி விழுந்தது. அப்பாவின் ஒவ்வொரு முயற்சியும் கவிழும்போது குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குக் கிளம்பும். 1976இல்தான் இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபர்டு-அபான்-ஏவன் நகரில் ஓரளவு நிலைத்தார்கள். 16 வயதில் ராம்சே வீட்டைவிட்டு வெளியேறினார்.

அவருடைய ஆசை கால்பந்து. கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் அணியில் இடம் பிடிக்க முயன்றபோது முழங்காலில் அடிபட்டு அந்தக் கதவு மூடிக்கொண்டது. 19 வயதில் ஹோட்டல் மேலாண்மைப் படிப்பில் சேர்ந்ததை முழுக்க முழுக்க ஒரு தற்செயல் என்றுதான் அவரே சொல்கிறார். 'சின்ன வயதிலிருந்தே சமையல்தான் என் உயிர்' என்று சொல்லாத செஃப் ஒருவரைப் பார்ப்பதே ஆறுதலாக இருக்கிறது.

மார்கோ பியர் வைட் யார்? அவருக்கு என்ன நேர்ந்தது?

1961 டிசம்பரில் வட இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்தவர். அம்மா இத்தாலிக்காரர், அப்பா சமையல்காரர். கடைசித் தம்பி பிறந்த சில நாட்களில் அம்மா மூளை ரத்தக்கசிவால் இறந்தார். அப்போது மார்கோவுக்கு ஆறு வயது. அரசுக் குடியிருப்பில், பிள்ளைகளிடம் பாசத்தைக் காட்டத் தெரியாத அப்பாவிடம் வளர்ந்தார். எந்தச் சான்றிதழும் இல்லாமல் பள்ளியைவிட்டு வந்தவரை, பக்கத்து ஊரான ஹாரோகேட்டுக்குப் போய் ஹோட்டல்களின் சமையலறைக் கதவைத் தட்டிப் பார் என்று அப்பா அனுப்பினார். தட்டினார். திறந்தது.

1987இல் லண்டனில் ஹார்வீஸ் உணவகத்தைத் தொடங்கினார். 1995இல், 33 வயதில், மூன்று மிச்செலின் நட்சத்திரங்களைப் பெற்றார். பிரிட்டனில் பிறந்த செஃப் ஒருவர் அந்த உயரத்தைத் தொட்டது அதுவே முதல்முறை.

எரிக் ரிபேர்?

1965இல் தெற்கு பிரான்சின் ஆன்டிப் நகரில் பிறந்தவர். பெற்றோர் பிரிந்தார்கள். அம்மாவின் இரண்டாவது கணவர், அம்மா பார்க்காத நேரத்தில் பையனைக் கொடுமைப்படுத்தினார். பிறகு விடுதிப் பள்ளி. 11 வயதில் சொந்த அப்பாவும் மலையேறப் போன இடத்தில் இறந்துபோனார்.

ஆனால் இவர் கதையில் மற்ற இருவருக்கும் கிடைக்காத ஒன்று உண்டு. அம்மா கடையில் வேலை செய்துவிட்டு வந்தும் வீட்டில் விரிப்பு விரித்து, முறையாகச் சமைத்துப் பரிமாறியவர். இரண்டு பாட்டிகளும் நன்றாகச் சமைப்பவர்கள். குடும்பம் அன்டோரா என்ற மலைநாட்டுக்குக் குடிபெயர்ந்தபோது ழாக் என்ற உணவகக்காரர் பையனைத் தன் சமையலறைக்குள் விட்டார், சாக்லேட் மூஸைக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தார், தன் பழைய கதைகளைச் சொன்னார். ரிபேரின் பிற்கால வாழ்க்கை முழுவதும் அந்தச் சமையலறையில் தொடங்கியதாகவே நான் நினைக்கிறேன்.

அப்படியானால் கஷ்டப்பட்டு வளர்ந்தால்தான் பெரிய செஃப் ஆக முடியுமா?

இல்லை என்று மட்டும் சொன்னால் போதாது; இந்தக் கேள்விக்குள்ளேயே ஓர் ஆபத்து இருக்கிறது. வென்றவர்கள் மட்டும்தான் தன்வரலாறு எழுதுகிறார்கள். ராம்சேயின் தம்பி அதே வீட்டில், அதே அப்பாவிடம் வளர்ந்தார். அவர் ஹெராயினுக்கு அடிமையானார். அண்ணன் பல ஆண்டுகள் முயன்றும் மீட்க முடியவில்லை. அந்த வீட்டின் கதையைச் சொல்லும்போது இருவரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. சிறுவயதுத் துன்பங்களைப் பற்றி அமெரிக்காவில் 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முதல் முடிவுகள் 1998இல் வெளிவந்தன. வீட்டில் வன்முறை, குடி, பெற்றோர் பிரிவு போன்றவை எத்தனைக்கெத்தனை கூடுதலோ அத்தனைக்கத்தனை பிற்காலத்தில் மதுப்பழக்கம், மனச்சோர்வு, இதயநோய் ஆகியவையும் கூடுதலாக இருந்தன. துன்பம் ஆளை உருவாக்கும் என்று மேடையில் பேசுவது எளிது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

மறுபக்கம், நன்றாக வளர்ந்த பெரிய சமையல்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. பிரான்சின் போல் பொகூஸ் தலைமுறை தலைமுறையாகச் சமைத்த குடும்பத்தில் பிறந்தவர். அதே நாட்டின் அலன் துகாஸ் பண்ணை வீட்டில் நல்ல சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்தவர். ராம்சேயின் சமையலறையிலேயே பார்க்கலாம்: 2007இல் அதற்குத் தலைமை ஏற்று மூன்று நட்சத்திரங்களையும் காப்பாற்றிய கிளேர் ஸ்மித், வடக்கு அயர்லாந்தில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். 2017இல் சொந்த உணவகம் தொடங்கி 2021இல் அதற்கும் மூன்று நட்சத்திரங்கள் வாங்கினார்.

பின் ஏன் இத்தகைய பிள்ளைகள் இவ்வளவு பேர் சமையலறையில் வந்து சேர்கிறார்கள்?

கதவு திறந்திருப்பதால். 1970களிலும் 80களிலும் ஐரோப்பிய உணவகச் சமையலறைக்குள் நுழைய மதிப்பெண் பட்டியல் தேவைப்படவில்லை. அதிகாலையில் வந்து நிற்கத் தயாராக இருந்தால் போதும். வேலை, சாப்பாடு, பல இடங்களில் தங்க ஒரு மூலை எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. இது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் சுமார் பத்து வயதில் பாரிஸ் தெருவில் கைவிடப்பட்ட அந்தோனின் கரேம், ஒரு சாதாரணச் சாப்பாட்டுக் கடையில் சோற்றுக்கும் படுக்கைக்கும் எடுபிடியாகச் சேர்ந்தவர்தான். பின்னாளில் அரசர்களுக்கும் ஜார் மன்னருக்கும் சமைத்தார்.

இன்னொரு காரணம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. எப்போது என்ன நடக்கும் என்று தெரியாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு, சமையலறையின் ஒழுங்கு பெரிய நிம்மதி. கத்தி எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கும். ஆர்டர் சீட்டு வரும், தட்டு போகும். செய்தது சரியா தவறா என்று அடுத்த நிமிடமே தெரிந்துவிடும். குடிகார அப்பாவிடம் எது சரி, எது தவறு என்பது நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தது. இங்கே சாஸ் திரிந்தால் திரிந்ததுதான்; அதற்கு ஒரு காரணமும் உண்டு, அதைக் கற்றுக்கொள்ளவும் முடியும்.

சிறுவயதுத் துன்பம் குணத்தில் என்னதான் விட்டுச்செல்கிறது?

இந்த மூவரையும் வைத்து எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

முதலாவது, கூர்மையான கவனம். கதவில் சாவி திரும்பும் சத்தத்தை வைத்தே இன்று அப்பா எந்த நிலையில் வந்திருக்கிறார் என்று கணிக்கப் பழகிய பிள்ளைக்கு, முதுகுக்குப் பின்னால் வாணலியில் வெண்ணெய் பொரியும் சத்தம் மாறியது காதில் விழாமல் போகாது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் யார் தடுமாறுகிறார்கள் என்பதைத் திரும்பிப் பார்க்காமலே அறியும் செஃப்களைப் பற்றி நிறையக் கதைகள் உண்டு. அந்தத் திறமைக்குக் கல்லூரியில் பாடத்திட்டம் கிடையாது. அதைப் பெற அவர்கள் கொடுத்த விலையை நினைத்தால் பொறாமைப்படவும் தோன்றாது.

இரண்டாவது, ஒரே ஒருவரின் 'நன்றாக இருக்கிறது' என்ற சொல்லுக்கான தீராப் பசி. வீட்டில் கிடைக்காத பாராட்டை இவர்கள் வெளியே தேடுகிறார்கள். மிச்செலின் ஆய்வாளர் யாரென்று தெரியாது, எப்போது வருவார் என்று தெரியாது, முகத்தை வைத்து மனத்தைப் படிக்கவும் முடியாது. வருவதும் போவதும் தெரியாத அப்பாவிடம் வளர்ந்தவர்களுக்கு இவரைவிடப் பழக்கமான நீதிபதி வேறு யார்? ராம்சேயின் நியூயார்க் உணவகம் 2013இல் இரண்டு நட்சத்திரங்களையும் இழந்தபோது, தான் அழுததாக அவரே தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். கோடீஸ்வரர் ஒருவர் ஒரு வழிகாட்டிப் புத்தகத்துக்காக அழுதார் என்பதை வணிகக் கணக்கால் மட்டும் விளக்க முடியாது.

மூன்றாவது, சும்மா இருக்க முடியாமை. வேலையில்லாத நேரத்தில்தான் பழைய நினைவுகள் எட்டிப் பார்க்கும். நாளுக்குப் பதினாறு மணிநேரம் அடுப்படியில் நிற்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. ராம்சே சமையலறைக்கு வெளியேயும் மாரத்தான் ஓடுகிறார், நீச்சலும் சைக்கிளும் ஓட்டமும் சேர்ந்த அயர்ன்மேன் போட்டிக்குப் போகிறார். உழைப்பு என்று ஊர் பாராட்டுவதில் ஒரு பங்கு பழைய நினைவுகளிலிருந்து தப்பியோடும் ஓட்டம்தான்.

நான்காவது, கோபம். அதற்குத் தனிக் கேள்வியே வந்திருக்கிறது.

இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது? ஹார்வீஸில் உண்மையில் என்ன நடந்தது?

ஹார்வீஸ் சமையலறை சிறியது, சூடு தாங்காது. ஒரு நாள் இளம் சமையல்காரர் ஒருவர் வெப்பம் தாளவில்லை என்று முணுமுணுத்திருக்கிறார். வைட் கத்தியை எடுத்துவந்து, அவர் போட்டிருந்த மேல்சட்டையின் முதுகையும் கால்சட்டையையும் கிழித்துவிட்டு, 'இப்போது காற்று வருமே' என்ற பாவனையில் வேலையைத் தொடரச் சொன்னார். மெதுவாக வேலை செய்தவர்களைப் பெரிய குப்பைத் தொட்டிக்குள் உட்கார வைத்ததும் உண்டு. இவற்றை எதிரிகள் சொல்லவில்லை. வைட்டே சொல்லியிருக்கிறார், அதுவும் பெரிய வருத்தம் இல்லாமல்.

அந்தச் சமையலறையில் ராம்சே ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் வேலை செய்தார். ஒருமுறை மூலையில் உட்கார்ந்து அழுதார். பிறகு அதைப் பற்றிக் கேட்டபோது, நான் அவரை அழவைக்கவில்லை, அழுவதென்று முடிவெடுத்தவர் அவர்தான் என்று பொருள்பட வைட் சொன்ன பதில் ஊரெல்லாம் பரவியது. கேட்கச் சுவையான பதில். கைநீட்டும் கணவர்கள் சொல்லும் பதிலும் ஏறக்குறைய இதுதான்.

கோபத்தின் ஊற்றுக்கண் ஒவ்வொருவருக்கும் வேறு. ஆறு வயதில் தாயை இழந்த பையனின் கோபமும், அம்மா அடிவாங்குவதைப் பார்த்து நின்ற பையனின் கோபமும் ஒன்றல்ல. ஆனால் இருவருமே அதைக் கொட்டுவதற்குச் சமூகம் அங்கீகரித்த ஓர் இடத்தைக் கண்டுகொண்டார்கள். அலுவலகத்தில் ஒரு மேலாளர் இப்படிச் செய்தால் காவல் நிலையத்தில் புகார் போகும். சமையலறையில் செய்தால் 'தரத்தில் சமரசம் செய்யாதவர்' என்று பெயர்.

அப்பாவைப் பிடிக்காத ராம்சே, அப்பாவைப் போலவே ஏன் கத்துகிறார்?

கத்தலை அவர் கற்ற இடங்கள் இரண்டு. ஒன்று வீடு, இன்னொன்று தொழில். ஹார்வீஸின் கூச்சலும் வன்முறையும் அலுத்துப்போய்த்தான் ஆல்பெர் ரூவின் லெ கவ்ரோஷ் உணவகத்துக்கும், பிறகு பிரான்சுக்கும் போனார். பாரிஸில் கி சவுவா, ஜோயல் ரொபுஷோன் என்ற இரண்டு பெரிய செஃப்களிடம் வேலை கற்றார். ரொபுஷோன் ஒருமுறை, சரியாகச் செய்யப்படாத இறால் ரவியோலித் தட்டை ராம்சே மீது வீசி எறிந்தார். இருவருமே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆக, வீட்டில் ஓர் அப்பா என்றால் தொழிலில் இரண்டு மூன்று அப்பாக்கள். 1998இல் லண்டனின் ராயல் ஹாஸ்பிடல் சாலையில் சொந்த உணவகத்தைத் தொடங்கியபோது, தலைமை என்றால் கத்துவது என்றே அவருக்குத் தெரிந்திருந்தது. 2001இல் மூன்றாவது நட்சத்திரம் கிடைத்ததும் அந்தப் பாடம் உறுதியாகிவிட்டது.

அவர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவின் பழக்கங்களில் மிக முக்கியமான இரண்டை அவர் எடுத்துக்கொள்ளவில்லை: குடிக்கு அடிமையாகவில்லை, குடும்பத்தின் மீது கைவைக்கவில்லை. வீட்டு வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒரு பிரிட்டிஷ் தொண்டு அமைப்பின் தூதராகவும் இருந்திருக்கிறார். குழந்தைகளோடு சமைக்கும் நிகழ்ச்சிகளில் அவர் குரல் தணிந்து, மண்டியிட்டு, கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசுவதைக் கவனியுங்கள். அடக்கத் தெரிந்தவர்தான். பெரியவர்களிடம் அடக்கத் தேவையில்லை என்று நினைக்கிறார், அல்லது அதற்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள்.

ரிபேர் மட்டும் எப்படி மாறினார்?

அவரும் முதலில் அதே வழியில்தான் போனார். 17 வயதில் பாரிஸின் புகழ்பெற்ற லா தூர் தார்ழான் உணவகத்தில் சேர்ந்த முதல் நாளே, 32 முட்டை மஞ்சள்கருக்களை அடித்து ஹாலண்டேஸ் சாஸ் செய்யச் சொன்னார்கள். அந்த அளவு மஞ்சள்கருவை அடுப்பின் மீது விடாமல் அடிப்பதற்குத் தோளில் வலு வேண்டும். சூடு சற்று ஏறினால் முட்டைப் பொரியல் ஆகிவிடும், குறைந்தால் நுரை எழும்பாது. பையனால் முடியவில்லை. அந்த நாளின் அவமானம் அவருக்குப் பின்னாளிலும் மறக்கவில்லை.

அடுத்து ரொபுஷோனின் ழாமின் உணவகம். அங்கே காவியார் என்ற மீன்முட்டையும் காலிபிளவர் கிரீமும் சேர்ந்த ஓர் உணவின் விளிம்பைச் சுற்றி சாஸால் சின்னஞ்சிறு புள்ளிகள் வைக்க வேண்டும். எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. ஒன்று பெரிதானால் தட்டு திரும்பி வரும், முதலிலிருந்து வைக்க வேண்டும். ரொபுஷோன் அதிகம் கத்தத் தேவையே இருக்கவில்லை. பயமே எல்லோரையும் வேலை வாங்கியது. ரிபேர் அங்கே கற்ற துல்லியத்தோடு அந்தப் பயத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு அமெரிக்கா போனார். 1994இல் நியூயார்க்கின் லெ பெர்னார்தன் உணவகத்தின் முதலாளி செஃப் ழில்பேர் லெ கோஸ் திடீரென இறந்தார். ரிபேர் 29 வயதில் பொறுப்பேற்றார். அவரும் கத்தினார், தட்டுகளை உடைத்தார். நல்ல ஆட்கள் வேலையைவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. பௌத்த நூல்களைப் படித்தார், தியானம் பழகினார். தானும் மகிழ்ச்சியாக இல்லை, சுற்றியிருப்பவர்களும் மகிழ்ச்சியாக இல்லை என்பதைக் கவனித்தார். கோபம் வலிமையல்ல, பலவீனம் என்ற முடிவுக்கு வந்து, தன் கீழிருந்த மேற்பார்வையாளர்களிடமும் இனிக் கத்தக்கூடாது என்று சொல்லிவிட்டார். இதனால் உணவின் தரம் குறைந்ததா என்று கேட்பவர்களுக்கு: நியூயார்க் நகரத்துக்கான மிச்செலின் வழிகாட்டி 2005இல் முதன்முதலாக வெளிவந்ததிலிருந்து அந்த உணவகம் மூன்று நட்சத்திரங்களோடு இருக்கிறது.

ஏன் அவரால் முடிந்தது, மற்றவர்களால் முடியவில்லை?

என் துணிபு இது: சிறுவயதில் நடந்ததைவிட, அதன் பிறகு அந்தப் பிள்ளை எந்தச் சமையலறைக்குள் நுழைந்தது, அங்கே யார் இருந்தார்கள் என்பதுதான் குணத்தைத் தீர்மானிக்கிறது. ரிபேர் நுழைந்த முதல் சமையலறை ழாக்குடையது. அங்கே யாரும் அவரை அவமானப்படுத்தவில்லை. அடுப்படி அன்பான இடமாகவும் இருக்க முடியும் என்பதை 32 மஞ்சள்கருக்களுக்கு வெகு முன்பே பார்த்துவிட்டார். ஆகவே பின்னாளில் மாற நினைத்தபோது, மாறிப் போய்ச் சேர ஓர் இடம் அவர் நினைவில் இருந்தது.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மதுப்பழக்கம் ஆகியவற்றுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக நிலைத்தார்கள். அவர்களுக்கு உதவிய காரணங்கள் பல. அவற்றில் திரும்பத் திரும்பத் தென்பட்டது, பாட்டியோ ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ, அக்கறையோடு பார்த்துக்கொண்ட ஒரு பெரியவர். அன்டோராவின் சாக்லேட் மூஸுக்கு அறிவியல் சாட்சி வேண்டுமென்றால் இதைச் சொல்லலாம்.

கத்தாமல் சமையலறையை நடத்த முடியாது என்பது இந்தத் தொழிலின் மரபு இல்லையா?

மரபு என்று சொல்பவர்கள் எஸ்கோஃபியேவை மறந்துவிடுகிறார்கள். இன்றைய உணவகச் சமையலறையின் படிநிலை அமைப்பை ஒழுங்குபடுத்தியவர் அவர்தான். சிற்பியாக ஆசைப்பட்டவரை 1859இல், 13 வயதில், நீஸ் நகரில் பெரியவர் ஒருவரின் உணவகத்தில் தொழில் பழகவிட்டார்கள். அடியும் அதட்டலும் அந்தக் காலத்துப் பயிற்சியின் பகுதி. குள்ளமானவர் என்பதால் அடுப்பின் அனல் முகத்தில் அடிக்காதிருக்க உயரமான குதிகால் வைத்த காலணி போட்டுக்கொள்வார். அப்படிப்பட்டவர் தலைமைக்கு வந்ததும் தன் சமையலறையில் வசைச்சொல்லையும் குடியையும் தடைசெய்தார். தாகத்துக்கு பார்லி பானம் காய்ச்சி வைக்கச் செய்தார். தனக்குக் கோபம் வந்தால் சமையலறையைவிட்டு வெளியே போய்விடுவார். கத்தல் மரபு என்றால், கத்தாமையும் அதே வயதுள்ள மரபுதான்.

வெற்றி அந்தப் பழைய காயத்தை ஆற்றியதா?

ராம்சேயின் அப்பா மகனுடைய உணவகத்தில் ஒருமுறைகூடச் சாப்பிடாமல், ஐம்பது வயதைத் தாண்டிய சில ஆண்டுகளிலேயே மாரடைப்பால் இறந்தார். அவருடைய பாராட்டுக்கு இனி வழியில்லை. வைட் 1999இல் மூன்று நட்சத்திரங்களையும் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படியிலிருந்து விலகினார். தன்னைவிடக் குறைவாகத் தெரிந்தவர்கள் தன்னை மதிப்பிடுவதாக உணர்ந்தேன் என்றார். எதைப் பிடிக்க அத்தனை ஆண்டுகள் ஓடினாரோ, அதைப் பிடித்த பிறகுதான் அது போதவில்லை என்று தெரிந்திருக்கிறது.

தங்கள் பிள்ளைகளை இவர்கள் எப்படி வளர்க்கிறார்கள்?

ராம்சேயைப் பற்றித்தான் அதிகம் தெரியும். விமானத்தில் தானும் மனைவியும் முதல் வகுப்பில் போவோம், பிள்ளைகள் சாதாரண வகுப்பில்தான் வருவார்கள் என்று 2017இல் ஒரு பேட்டியில் சொன்னார். தன் சொத்து பிள்ளைகளுக்குப் போகாது என்றும் சொல்லியிருக்கிறார். கஷ்டமே தெரியாமல் வளர்ந்துவிடுவார்களோ என்ற பயம் தெரிகிறது. கஷ்டத்தை விலைகொடுத்து வாங்கிப் பிள்ளைக்கு ஊட்டுவது வேடிக்கைதான். ஆனால் அவர் வயதில் இருக்கும் நம் ஊர்த் தொழிலதிபர்கள் பலரும் இதையேதான் சொல்கிறார்கள்.

இந்தக் கதைகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

மொத்தத்தில் நம்பலாம், விவரங்களில் கொஞ்சம் கவனம் தேவை. தன் கதையைத் தானே சொல்பவர் யாராக இருந்தாலும் மசாலாவைச் சற்றுத் தூக்கலாகத்தான் போடுவார். ரேஞ்சர்ஸ் அணியில் ராம்சே எவ்வளவு தூரம் போனார் என்பது பற்றிச் சர்ச்சை உண்டு. கரேம் தெருவில் விடப்பட்ட கதையும் பெரும்பாலும் அவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். உணவகம் என்பது கதையையும் சேர்த்து விற்கும் தொழில். ஏழ்மையிலிருந்து எழுந்த கதைக்குச் சந்தையில் நல்ல விலை.

என் மகன் கேட்டரிங் படிக்கிறான். பயிற்சிக்குப் போன இடத்தில் கரண்டியால் அடிக்கிறார்கள், 'இப்படித்தான் நாங்களும் கற்றோம்' என்கிறார் மாஸ்டர். பொறுத்துக்கொள்ளச் சொல்லலாமா?

வேண்டாம். கடுமையான வேலைநேரம், திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது, ஒரு மூட்டை வெங்காயத்தை உரிக்கவிடுவது எல்லாம் தொழிலின் பகுதி. அவற்றைப் பொறுக்கச் சொல்லுங்கள். அடி தொழிலின் பகுதி அல்ல. பொறுத்துப் பொறுத்து மேலே வருபவன் நாளை யாரை அடிப்பான் என்பதையும் யோசித்துப் பாருங்கள். முதலில் கல்லூரியில் பயிற்சிக்குப் பொறுப்பானவரிடம் எழுத்தில் கொடுத்து வேறு இடம் கேளுங்கள். புதிய இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கே எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பதைவிட, இரண்டாம் நிலைச் சமையல்காரர்கள் எத்தனை ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஆட்கள் நிலைக்கும் சமையலறையில் பெரும்பாலும் கற்றுக்கொடுக்கவும் ஆள் இருக்கும்.

அடிவாங்கி வளர்ந்த பையன் ஒருவன் என் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். எப்படி நடத்துவது?

அவனிடம் காலையில் ஒரு விதி, மாலையில் ஒரு விதி என்று இருக்காதீர்கள். அது அவனுக்கு நன்றாகவே பழக்கப்பட்ட நரகம். தவறு செய்தால் தவறை மட்டும் சொல்லுங்கள், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், எப்படிச் சரிசெய்வது என்று ஒருமுறை செய்துகாட்டுங்கள். நன்றாகச் செய்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகாமல் கடையிலேயே இருக்கிறேன் என்றால் ஏன் என்று துருவாதீர்கள். வேலை முடிந்ததும் அவனையும் உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள்.